களத்துக்குத் தகரம் போடும் முன்

கண்ணு,

நீ சொல்லியனுப்பிய தகரமும் இரும்புக் குழாயும் நேற்று மத்தியானம் வந்து இறங்கிவிட்டன. லாரிக்காரர் செம்மநத்தம் ரோட்டைத் திட்டிக்கொண்டே வந்தார். காபி போட்டுக் கொடுத்தேன், கொஞ்சம் அடங்கினார். எங்கே இறக்குவது என்று கேட்டபோது களத்தைக் காட்டாமல் பலா மரத்தடியைக் காட்டினேன். என் கை தானாக அந்தப் பக்கம் போய்விட்டது. காபி காய வைக்கும் களத்துக்கு மேலே தகரம் போட்டு ஹாலாக்கிவிடலாம், காபியை இனிமேல் பழமாகவே விற்றுவிடலாம், தையில் உன் கல்யாண விருந்தை அந்த ஹாலிலேயே வைக்கலாம், பிறகு வாடகைக்குத் தங்க வருகிற டூரிஸ்டுகளுக்கு அதுவே சாப்பாட்டு இடமாகட்டும் என்று போன மாதம் நீ போனில் சொன்னபோது, "சரி சாமி, உன் இஷ்டம்" என்றவன் நான்தான். அதை மாற்றிப் பேச வரவில்லை. இடம் உன்னுடையது. ஓசூர் ஹோட்டல் வேலையை விட்டுவிட்டு நாளைக்கு இங்கே பிழைக்கப் போகிறவர்கள் நீயும் நித்யாவும். ஆனால் தகரம் மேலே ஏறுவதற்கு முன் அந்தக் களத்தைப் பற்றி உனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். போனில் ஆரம்பித்தால் உனக்கு டியூட்டி இருக்கும், எனக்குப் பேச்சு கோர்வையாக வராது. அதனால்தான் எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

பக்கத்து பங்களா எலியாஸ் ஐயாவையும் ரேச்சலம்மாவையும் உனக்குத் தெரியும், ஆனால் தெரியாது. லீவுக்கு வந்தபோதெல்லாம் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு கும்பிடு போட்டிருக்கிறாய், அவ்வளவுதான். அவர்கள் குடிவந்த வருஷம் நீ சேலத்தில் ஹாஸ்டலில் இருந்தாய். ஐயா பம்பாய்க்காரர், பாதி ஆயுளை மெட்ராஸில் கப்பல் கம்பெனி வேலையில் கழித்தவர். அம்மாவுக்கு மூச்சிரைப்பு. மலைக்காற்று நல்லது என்று டாக்டர் சொல்லவும் அந்தப் பழைய எஸ்டேட் பங்களாவை வாங்கிக்கொண்டு மேலே வந்துவிட்டார்கள். பேரைக் கேட்டதும் ஊரே அவர்களை வேதக்காரர்கள் என்று முடிவுகட்டியது. கிறிஸ்துமஸுக்குக் கேக் வரும் என்று நானும் எதிர்பார்த்திருந்தேன், வரவில்லை. நாங்கள் யூதர்கள் என்று ஐயாவே ஒரு நாள் வேலியோரமாக நின்று சொன்னார். அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் எங்கேயோ பார்த்ததோடு சரி. புத்தகத்தில் இருக்கிற ஒரு ஜனம் நம் வேலிக்கு அந்தப் பக்கம் மிளகு காயப்போட்டுக்கொண்டிருக்கும் என்று நான் கண்டேனா? ஏற்காட்டில் உங்கள் ஆட்கள் எத்தனை பேருங்க என்று கேட்டேன். நானும் இவளும்தான் என்று சொல்லிச் சிரித்தார்.

உன் அம்மாவுக்கு அவர்களை முதலில் பிடித்துப்போனதே விளக்கால்தான். வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் நம் வீட்டில் அவள் விளக்கு வைப்பாள். அதே நேரத்துக்கு அந்தப் பங்களா ஜன்னலில் ரேச்சலம்மா விளக்கேற்றிவிட்டுக் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நிற்பார். உன் அம்மா அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, "வேற சாமியா இருந்தாலும் நேரம் ஒண்ணா இருக்குதுங்க" என்றாள். அதற்கப்புறம் அவர்கள் வழக்கம் ஒவ்வொன்றையும் விசாரித்துத் தெரிந்துகொண்டாள். நாம் சமைத்துக் கொடுத்தால் சாப்பிட மாட்டார்கள், பழமாகவும் காயாகவும் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். முதல் தடவை அவரைக்காய்க் குழம்பு திரும்பி வந்ததில் அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. மறுநாளே கூடை நிறையக் கமலா ஆரஞ்சும் சௌசௌவும் கொண்டுபோய்க் கொடுத்து, இதுக்கு என்ன சொல்றீங்க என்று கேட்டுவிட்டு வந்தாள். அவர்கள் ரொட்டிக்கு மாவைச் சடை மாதிரி பின்னிச் சுடுவார்கள். பின்னல் தளர்வாக இருக்கிறது என்று ரேச்சலம்மாவுக்கே பின்னிக் காட்டியவள் உன் அம்மா.

அந்தப் புரட்டாசியில் ஐயா ஒரு தினுசாக நடந்துகொண்டார். தன் தோட்டம் முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பார். நம் காட்டுக்குள் வந்தும் அண்ணாந்து பார்ப்பார். மனுஷனுக்குக் கழுத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். பிறகு நம் களத்தின் நடுவில் போய் நின்று மேலே பார்த்தவர், இறங்கிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர்களுக்கு ஒரு பண்டிகை. நம் மகாளய அமாவாசை முடிந்து வருகிற பௌர்ணமியில் பெரும்பாலும் வரும். அவர்களுடைய முன்னோர்கள் வீடு வாசல் இல்லாமல் பாலைவனத்தில் குடிசை போட்டுக்கொண்டு அலைந்தவர்களாம். அதை மறக்கக் கூடாது என்று வருஷத்தில் ஒரு வாரம் நல்ல வீட்டை விட்டுவிட்டு, வெட்டின தழையால் வேய்ந்த பந்தலுக்குள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்தப் பந்தலுக்கு மேலே மரக்கிளைகூட இருக்கக் கூடாது, வெறும் வானம்தான் இருக்க வேண்டும். கண்ணு, யோசித்துப் பார். காபித் தோட்டத்தில் வெறும் வானத்துக்கு எங்கே போவது? எங்கே பார்த்தாலும் சில்வர் ஓக், பலா, நிழல் மரம். நிழல் இல்லாவிட்டால் காபி இல்லை. நமக்குத் தெரிந்த வரைக்கும் இந்தச் சரிவில் சமதளமாகவும் வெயில் விழுகிறதாகவும் இருப்பது நம் களம் ஒன்றுதான். அறுவடைக்கு இன்னும் நாள் இருந்தது, களம் சும்மாதான் கிடந்தது. எடுத்துக்கங்க என்றேன்.

மூங்கில் நட்டு, சில்வர் ஓக் கிளை வெட்டிப் போட்டு, பந்தலைப் போட்டுக் கொடுத்ததும் நான்தான். இரண்டு நாற்காலியும் ஒரு முக்காலியும் கொள்ளும் அளவுக்குச் சின்னப் பந்தல். தழையை நெருக்கிப் போட்டால், கொஞ்சம் விலக்குங்க என்று ஐயா சொல்லிக்கொண்டே இருந்தார். சரி, பெரியவருக்கு வேலை தெரியாது என்று விட்டுவிட்டேன். பண்டிகையன்று சாயங்காலம் அவர்கள் பங்களாவுக்குள்ளே ஜெபம் பண்ணப் போயிருந்த நேரத்தில் சேர்வராயன் மலைப்பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. மழைக்குப் பயந்தே வாழ்ந்தவன் நான், உனக்குத் தெரியும். களத்தில் காபி கிடந்து ஒரு தூறல் விழுந்தால்கூட சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு ஓடியிருக்கிறேன். அந்த இரண்டு வயசான ஜீவன்களும் நனையுமே என்று பதறிப்போய், நம் நீலத் தார்ப்பாயை எடுத்து அந்தப் பந்தல் மேலே போர்த்தி, நாலு மூலையிலும் கயிற்றை இழுத்து, காற்றே வந்தாலும் அசையாதபடி முடிச்சுப் போட்டேன். போட்டுவிட்டு, எவ்வளவு பெரிய உபகாரம் பண்ணிவிட்டோம் என்று வேலியோரம் நின்று ரசித்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வந்தார்கள். உள்ளே நுழைந்தார்கள், மேலே பார்த்தார்கள், வெளியே வந்துவிட்டார்கள். என்னைப் பார்த்து ஐயா நன்றி என்றார். அப்புறம் இரண்டு பேரும் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு களத்து ஓரத்தில் நின்றார்கள். உட்காரவும் இல்லை, சாப்பிடவும் இல்லை, போகவும் இல்லை. கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்தேன். நல்லவேளை, உன் அம்மா பழக்கூடையோடு வந்தாள். அவளுக்கு ஒரு பார்வை போதும். ரேச்சலம்மாவிடம் போய், பந்தல்ல என்னங்க கொறை என்று கேட்டாள். குறை ஒன்றும் இல்லை என்றார் அந்த அம்மா. உன் அம்மா விடவில்லை, உங்க வழக்கத்தைச் சொல்லுங்க என்றாள். அப்போதுதான், "உள்ளே உட்கார்ந்தா தழை வழியா வானம் தெரியணும். நட்சத்திரம் தெரியணும். அதுதான் வழக்கம்" என்று மெதுவாகச் சொன்னார். அதைக்கூடக் கேட்ட கேள்விக்குப் பதிலாகத்தான் சொன்னாரே தவிர, எடுத்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. ஏனென்றால் பொழுது சாய்ந்ததும் பண்டிகை பிறந்துவிட்டது. பண்டிகை நாளில் அவர்கள் முடிச்சு அவிழ்க்க மாட்டார்கள், பந்தலில் கை வைக்க மாட்டார்கள், தங்களுக்காக அதைச் செய்யும்படி இன்னொருத்தரைக் கேட்கவும் மாட்டார்கள். இதெல்லாம் எங்களுக்குப் பிற்பாடு தெரிந்தது. உன் அம்மாவுக்கு அப்போதே எப்படிப் புரிந்தது என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

நேராக என்னிடம் வந்தாள். "ஏனுங்க, அந்தத் தார்ப்பாய அவுருங்க" என்றாள். மழை வருதுடி என்றேன். "வந்தா வருட்டும். இது அவங்க நோம்பி, உங்க காபி இல்லீங்க" என்றாள். அதற்குள் தூறல் பிடித்து, கயிறு நனைந்து முடிச்செல்லாம் இறுகிக்கிடந்தது. நகம் பிய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் கொடுவாளை எடுத்துக் கயிற்றை அறுத்துப் போட்டேன். தார்ப்பாய் சரிந்து விழுந்ததும் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி உள்ளே ஓடினார்கள். நிலாவும் நட்சத்திரமும் உடனே வந்துவிடவில்லை கண்ணு. தூறல்தான் வந்தது. தழை வழியாக அவர்கள் தட்டில் சொட்டியது. அவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அதற்கப்புறம் மேகம் கொஞ்சம் விலகி, சில்வர் ஓக் இலைக்கு நடுவே நிலா ஒரு துண்டு தெரிந்தது. ஐயா பாடினார். பாட வேண்டியது கூட்டமாம், பாடியது ஒற்றைக் குரல். நான் வேலியோரம் அப்படியே நின்றுவிட்டேன். கூரை ஒழுகக் கூடாது என்றே பாடுபட்டவன் நான். கூரை ஒழுகாமல் போய்விட்டதே என்று பசியோடு நின்ற மனிதர்களை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அன்றிலிருந்து நம் பக்கத்தில் அதற்குப் பந்தல் நோம்பி என்று பேராகிவிட்டது. வருஷா வருஷம் நான்தான் போட்டுக் கொடுக்கிறேன், வருஷா வருஷம் மூங்கில் கூடிக்கொண்டே போகிறது. இரண்டாம் வருஷமோ மூன்றாம் வருஷமோ டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் பையன் ஒருத்தன் வந்து சேர்ந்தான். இத்தனை நாளும் இந்த மலையில் யூதன் தான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தானாம். பிறகு கொச்சியிலிருந்து ஒரு குடும்பம் மிளகுத் தோட்டம் வாங்கிக்கொண்டு கிளியூரில் குடியேறியது. சேலத்தில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண், பண்டிகை பிறப்பதற்கு முன்னாலேயே வந்துசேர வேண்டும் என்று குப்பனூர் வழி பஸ்ஸில் சாயங்காலத்துக்குள் ஓடிவந்துவிடுவாள். காபி வாங்க வந்த ஒரு வெளிநாட்டு ஜோடி வாங்கிவிட்டுப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டது. அவர்களுக்குக் குழந்தையும் பிறந்தது. பங்களாவின் முன் அறையில் நாற்காலி போதாமல் நம் வீட்டுப் பெஞ்சு இப்போது அங்கேதான் கிடக்கிறது, தேடாதே.

கூட்டம் சேர்ந்தால் சண்டையும் சேரும் இல்லையா, அதுவும் நடந்தது. ஒரே பாட்டுக்குப் பம்பாய் மெட்டு ஒன்று, கொச்சி மெட்டு ஒன்று. எந்த மெட்டில் பாடுவது என்று ஐயாவுக்கும் கிளியூர்க்காரருக்கும் மூண்டுவிட்டது. கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. உலகம் முழுக்கச் சேர்த்தாலே எண்ணிக்கையில் கொஞ்சமான ஜனம், அதிலும் இந்த மலையில் ஒரு கைப்பிடி, அதற்குள் இரண்டு கட்சி. எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது, உடைந்துவிடுவார்களோ என்று. நம் பங்காளிகள் கிணற்றுத் தகராறில் பிரிந்து, உன் பெரியப்பா ஊட்டு வாசலையே நாம் மிதிக்காமல் போனது உனக்குத் தெரியும். ஆனால் இவர்கள் பேசாமல் இருந்த அந்த நாட்களிலும் வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். கோபம் தனி, வருவது தனி. கடைசியில் ஒரு வாரம் அந்த மெட்டு, ஒரு வாரம் இந்த மெட்டு என்று ஆனது. இப்போது இரண்டையும் எல்லோரும் பாடுகிறார்கள். எனக்கே இரண்டும் வரும். உனக்கும் நித்யாவுக்கும் குடும்ப வாழ்க்கைக்கு நான் சொல்வதற்கு ஏதாவது இருந்தால் அது இதுதான் சாமி. சண்டை போடுங்கள், ஆனால் சாப்பிடும்போது ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடுங்கள்.

இனிமேல் சொல்லப்போவதைத்தான் போனில் சொல்ல முடியவில்லை. போன வருஷம் ஆனியில் உன் அம்மா போனாள். நீ வந்தாய், காரியம் முடிந்தது, லீவு முடிந்து போனாய். உன்மேல் குறை இல்லை. அதற்கப்புறம் புரட்டாசி வந்தது. பந்தல் போட எனக்குக் கை எழவில்லை. இருந்தாலும் போட்டேன். அவள் இருந்தால் போடாமல் விடுவாளா? களம் நிறைந்து பெரிய பந்தல். பொழுது சாய்ந்து எல்லோரும் உள்ளே உட்கார்ந்தார்கள், நான் வழக்கம்போல வேலியோரம் நின்றேன். அவர்களுக்கு ஒரு முறை உண்டு. சாப்பிடுவதற்கு முன், செத்துப்போன தங்கள் மூதாதையரைப் பேர் சொல்லி விருந்துக்குக் கூப்பிடுவார்கள். ஆபிரகாமே வா, ஈசாக்கே வா, யாக்கோபே வா என்று, எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ஆட்களை, ஏதோ அடுத்த வளைவில் பஸ் இறங்கி வருகிறவர்களைப் போலக் கூப்பிடுவார்கள். அவர்களுக்கென்று ஒரு நாற்காலியும் காலியாகக் கிடக்கும். நம் மகாளய அமாவாசைக்கு நாம் எள்ளும் தண்ணியும் விட்டுக் கூப்பிடுவதைப் போலத்தான். போன வருஷம் ஐயா எல்லாப் பேரையும் சொல்லி முடித்தார். அப்போது ரேச்சலம்மா எழுந்து நின்றார். அந்த நாற்காலிப் பக்கம் திரும்பி, சுத்தத் தமிழில், "பாவாயி, நீயும் வா. இந்தக் கூரையைத் திறந்துவிட்டவள் நீதான்" என்றார்.

கண்ணு, உன் அம்மா கைநாட்டு. எஸ்டேட்டில் காபி பறித்தவள். எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஊட்டுப் படியில்கூட உட்கார வைத்து அவளுக்கு யாரும் இலை போட்டதில்லை. அவளை, ஒரு ஜனம் தன் ஆதித் தகப்பன்மார் வரிசையில் பேர் சொல்லிக் கூப்பிட்டு நாற்காலி போடுகிறது. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. யாரோ பதில் சொல்ல வேண்டும்போல் இருந்தது. "வந்துட்டாளுங்க" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. உள்ளே இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஐயா எழுந்து வந்து என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார். அன்றைக்குத்தான் முதல் முதலாக அந்தப் பந்தலுக்குள்ளே இருந்து மேலே பார்த்தேன். நான் போட்ட தழைதான், நான் தினம் பார்க்கிற வானம்தான். உன் அம்மா எனக்கு நொம்பப் பக்கத்தில் இருந்தாள். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது தகர விஷயத்துக்கு வருகிறேன். நீ ஹால் போடப்போவதை நானே போய் அவர்களிடம் சொன்னேன். ரேச்சலம்மா உன் கல்யாணத்துக்கு மனசார வாழ்த்தினார். ஐயா, பையன் ஊருக்கே திரும்பி வருகிறான், இதைவிட என்ன வேண்டும் என்றார். களத்தைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து காலையில் ஐயா கைத்தடியை ஊன்றிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார். போன வாரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் கிளியூர் ரோட்டில் பார்த்தேன், அங்கேயும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். முந்தாநாள் பள்ளிக்கூட மைதானத்து வாசலில் வாட்ச்மேனிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். ஜீப்பை நிறுத்தி, எங்கீங்க ஐயா இந்தப் பக்கம் என்றேன். சும்மா நடக்கிறேன் என்றார். அந்த வயசில், இத்தனை மேடு பள்ளத்தில், ஒரு பந்தல் அளவு வானத்தைத் தேடிக்கொண்டு மனுஷன் அலைகிறார். நம்மிடம் கேட்க மாட்டார்கள். அன்றைக்கும் கேட்கவில்லை, பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு அவர்கள் கேட்கட்டும் என்று உன் அம்மா காத்திருக்கவில்லை.

தகரத்தைப் பலா மரத்தடியில் ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறேன். துரு ஏறக் கூடாதென்று நம் நீலத் தார்ப்பாயைப் போட்டுக் கட்டியிருக்கிறேன். பழைய அறுந்த கயிறுதான், முடிச்சு லேசாகத்தான் போட்டிருக்கிறேன். வேலைக்கு வந்த ஆட்களை, பையன் வந்தப்பறம் பாத்துக்கலாம் என்று அனுப்பிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. ஹாலைக் களத்துக்கு மேலே போடுவதா, பழைய மாட்டுக் கொட்டகையை இடித்துவிட்டு அங்கே போடுவதா, களத்தில் பாதியை விட்டுவிட்டுப் போடுவதா, இதெல்லாம் உனக்குத்தான் தெரியும். நீ படித்தவன், நாலு ஹோட்டல் பார்த்தவன். நீ தகரம் போட்டே தீர வேண்டும் என்றாலும் நானே ஏணியைப் பிடிக்கிறேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் ஓசூரில் உட்கார்ந்துகொண்டு முடிவு பண்ணாதே. இந்தப் பௌர்ணமிக்கு நித்யாவைக் கூட்டிக்கொண்டு வா. அவள் வீட்டில் நான் பேசிக்கொள்கிறேன். மூங்கில் வெட்டிவைத்துவிட்டேன், தழை மட்டும் நீ வந்து போடு. நெருக்கிப் போடாதே.

ராத்திரிக்கு மழை வந்தாலும் வரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள். எனக்கு அன்றைக்குக் குரல் வரும் என்ற நம்பிக்கை இல்லை கண்ணு. அவர்கள் உன் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடும்போது, வந்துட்டாங்க என்று இந்த வருஷம் நீ சொல்.

அப்பா